ஒரு மணி நேரமும் மிச்சமில்லாத ஆசிரியர்

1199ஆம் ஆண்டு. இன்று பழைய கெய்ரோ எனப்படும் ஃபுஸ்தாத்தில், அறுபதைத் தாண்டிய ஒரு யூத ஆசிரியர் கடிதம் எழுதுகிறார். மோசே பென் மைமோன் என்பது அவர் பெயர். உலகம் அறிந்தது மைமோனிடிஸ் என்று. யூதச் சட்டம் முழுவதையும் 14 நூல்களாகத் தொகுத்த ‘மிஷ்னே தோரா’ அவருடையது. வேதத்துக்கும் தத்துவத்துக்கும் நடுவே தவிப்பவர்களுக்காக அரபு மொழியில் எழுதிய ‘கலங்கியோர் வழிகாட்டி’யும் அவருடையதே. அந்த வழிகாட்டியை எபிரேயத்தில் பெயர்த்துக்கொண்டிருந்த சாமுவேல் இப்ன் திப்பொன், தென் பிரான்சிலிருந்து கடல் கடந்து நேரில் வர ஆசைப்பட்டார். ஆசிரியரின் காலடியில் உட்கார்ந்து சந்தேகம் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை.

உங்களைக் காண்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பாடம் பேச இரவிலோ பகலிலோ ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள் என்பது பதில். ஏன் என்பதற்குத் தன் அன்றாடத்தையே எடுத்து எழுதுகிறார்.

அவர் சுல்தானின் மருத்துவரும்கூட. சுல்தான் இருப்பது கெய்ரோவில், இவர் வீடு ஃபுஸ்தாத்தில். ஓய்வுநாளில் ஒரு யூதர் ஊரெல்லைக்கு அப்பால் நடக்கச் சட்டம் அனுமதிக்கும் தூரத்தைப்போல இரு மடங்கு இடைவெளி என்கிறார். அதாவது 4,000 முழம், ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். தூரத்தைச் சொல்லவும் அவருக்கு வேதச் சட்டத்தின் அளவுகோல்தான் கைக்கு வருகிறது! தினமும் காலையில் அரண்மனைக்குப் போயாக வேண்டும். சுல்தானுக்கோ பிள்ளைகளுக்கோ அந்தப்புரத்துப் பெண்களுக்கோ உடம்பு சரியில்லை என்றால் பகலின் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். அதிகாரிகளில் ஒருவர் இருவருக்கு நோய் என்றால் அதையும் பார்க்க வேண்டும். எல்லோரும் நலமாக இருந்தாலும் உச்சிப்பொழுதுக்கு முன்பு வீடு திரும்ப முடியாது.

பசி காதை அடைக்க வந்து சேர்ந்தால், முன்கூடம் நிறைய ஆட்கள். யூதர், பிற மதத்தார், பெரிய மனிதர், எளியவர், நீதிபதிகள், காவலர்கள், வேண்டியவர், வேண்டாதவர் எல்லோரும் காத்திருக்கிறார்கள். ஏறி வந்த பிராணியை விட்டு இறங்குகிறார், கை கழுவுகிறார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாய் சாப்பிட்டு வருகிறேன் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறார். ஒரு நாள் முழுவதற்கும் அந்த ஒரு வேளைதான் உணவு. பிறகு நோயாளிகளைப் பார்த்து மருந்து எழுதித் தருகிறார். இருட்டிய பிறகும் வரிசை ஓய்வதில்லை. சில நாள் இரவு இரண்டு மணி நேரத்துக்கு மேலும் நீளும். உட்கார முடியாமல் மல்லாந்து படுத்தபடியே பேசுகிறார், மருந்து சொல்கிறார். கடைசியில் பேசவும் தெம்பில்லை.

அன்பர்களே, காத்திருந்தவர்களில் வேண்டாதவரும் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கதவைத் திறந்தபோது முகம் பார்த்துப் பிரித்ததாக ஒரு சொல்லும் அக்கடிதத்தில் இல்லை.

இப்படி உழைக்க வேண்டிய கட்டாயம் என்ன? அவ்வளவு பெரிய அறிஞரைச் சமூகம் சும்மா வைத்தே காப்பாற்றியிருக்கும். ஆனால் பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவுக்கு 1168இல் எழுதி முடித்த உரையிலேயே, வேதமான தோராவைக் கற்பித்து அதில் வயிறு வளர்க்கக் கூடாது என்று அவர் கடுமையாக எழுதிவிட்டார். விறகு வெட்டியும் நீர் சுமந்தும் பிழைத்த பழைய ஞானிகளைப் பின்னாளில் சட்ட நூலிலும் நினைவூட்டினார். உரை எழுதிய நாட்களில் குடும்பத்தைத் தாங்கியவர் தம்பி தாவீது, ரத்தின வியாபாரி. செங்கடல் துறைமுகமான ஐதாபிலிருந்து தாவீது அண்ணனுக்கு எழுதிய கடிதம் ஒன்று இன்றும் இருக்கிறது: இங்கே வாங்கத்தக்க சரக்கு எதுவும் அகப்படவில்லை, இந்தியாவுக்குக் கப்பல் ஏறப்போகிறேன் என்கிறார். பிறகொரு பயணத்திலோ அதே பயணத்திலோ, இந்தியப் பெருங்கடல் அவரைக் கொண்டுபோய்விட்டது. தம்பியின் பணம், அண்ணனின் பணம், பிறர் கொடுத்த பணம் எல்லாம் கடலோடு போயின. இளம் மனைவியும் சின்னஞ்சிறு மகளும் அண்ணன் பொறுப்பில் வந்தார்கள்.

ஏறக்குறைய ஓராண்டு அவர் காய்ச்சலில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். எட்டு ஆண்டுகள் கழித்தும், தம்பியின் கையெழுத்தைப் பார்த்தால் நெஞ்சு புரள்கிறது என்று நண்பருக்கு எழுதினார்.

தம்பி சம்பாதிக்கும்போது எழுதிய கொள்கையைத் தம்பி போன பிறகும் காப்பாற்றியதுதான் பெரிது. எழுத்தில் இருந்த நெறி அவர் தோளில் வந்து உட்கார்ந்தது. மருத்துவத்தைப் பிழைப்பாகக் கொண்டார். 1185 வாக்கில் சுல்தான் சலாதீனின் அமைச்சர் அல்-காதி அல்-ஃபாதிலின் ஆதரவும் கிடைத்தது. மூன்று மணி நேரம் கைத்தொழில், ஒன்பது மணி நேரம் படிப்பு என்று தொழிலாளிக்கு ஒரு நாளைப் பங்கிட்டுக் காட்டியவர் அவர். அவருடைய சொந்த நாளில் அந்த ஒன்பதும் நோயாளிகளுக்குப் போனது. களைப்பை அவர் மறைக்கவில்லை, அதற்குப் புனிதச் சாயமும் பூசவில்லை.

படிப்புக்கு ஓய்வுநாள் ஒன்றுதான் மிச்சம் என்கிறது கடிதம். காலைத் தொழுகை முடிந்ததும் சபையார் வீட்டுக்கு வருவார்கள். வாரம் முழுவதும் செய்ய வேண்டியதைச் சொல்லித் தருவார். நண்பகல் வரை கொஞ்சம் படிப்பார்கள். சிலர் மறுபடியும் வந்து மாலைத் தொழுகை வரை வாசிப்பார்கள்.

கெய்ரோ பென் எஸ்ரா ஜெபஆலயத்தின் பழந்தாள் அறையிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்த குவியலில் அவர் கைப்பட எழுதிய தாள்களும் உண்டு. மேலே யாரோ நீளமாக எழுதிய சட்டக் கேள்வி. அடியில் சுருக்கமாக அவர் தீர்ப்பு. எழுதியவர் மோசே என்று கையொப்பம்.

நேரமில்லை என்று சொன்ன அந்த 1199ஆம் ஆண்டுக் கடிதத்திலும் பாடம் இருக்கிறது. இப்ன் திப்பொன் கேட்ட ஐயங்களுக்கு விளக்கம் உண்டு. அரிஸ்டாட்டிலை எந்த உரையாசிரியர்களின் துணையோடு படிக்க வேண்டும், அல்-ஃபாராபியை ஏன் படிக்க வேண்டும் என்றும் பொறுமையாகச் சொல்கிறார். இப்ன் திப்பொன் புறப்பட்டு வரவில்லை. அந்த விளக்கங்களை வைத்துக்கொண்டு 1204இல் எபிரேயப் பெயர்ப்பை முடித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ஆசிரியர் ஃபுஸ்தாத்தில் காலமானார்.