தாயை இழந்த பிள்ளையை யார் கையில் ஒப்படைப்பது?



வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டால் பெரியவர்களுக்கு ஆயிரம் வேலை. சொல்லிவிட ஆள் அனுப்ப வேண்டும், குழி வெட்டச் சொல்ல வேண்டும், வடக்கு முகமாய் இருத்தி அடக்கம் செய்ய வேண்டும். அந்த நெருக்கடியில் இறந்தவளுடைய சின்னப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் கொண்டு விட்டுவிடுகிறார்கள். "அம்மா ஊருக்குப் போயிருக்கா, வந்திருவா" என்று ஒரு பொய்யும் சொல்லி வைக்கிறார்கள். இரக்கத்தில் சொன்ன பொய்தான். ஆனால் எத்தனை நாளைக்கு அது வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்? போனவள் வராவிட்டால், 'நான் சேட்டை பண்ணினதால்தான் அம்மா போய்விட்டாள்' என்று அதுவே ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும். அம்மா இறந்துவிட்டாள், இனி வரமாட்டாள், அதற்கு நீ காரணமில்லை என்று மடியில் வைத்துச் சொல்லுங்கள். ஐந்தாறு வயதுப் பிள்ளை மறுநாளும் அதையே கேட்கும். மறுநாளும் அதையே சொல்ல வேண்டும்.

திருஏடு வாசிப்புக் கேட்டவர்களுக்குச் சப்த கன்னியர் கதை தெரியும். அயோத அமிர்த வனத்தில் ஏழு பிள்ளைகளைப் பெற்ற கன்னியர் எழுவரும் தவத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே தாய்மார் சாகவில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்குத் தாய்மடி இல்லாமல் போயிற்று. திருமால் என்ன செய்தார்? விதி என்று விட்டுவிட்டாரா? பத்திரகாளியை அழைத்து, அவள் கையில் ஒப்படைத்து, வளர்க்கச் சொன்னார். அப்படி வளர்ந்தவர்கள்தான் சான்றோர். ஒப்படைத்தது ஒருத்தி கையில் என்பதைக் கவனியுங்கள். நம் வீடுகளிலோ, "எல்லாரும் பாத்துக்கிடுவோம்" என்கிறார்கள். எல்லாரும் பார்ப்பது என்றால் பாதி நாள் யாரும் பார்ப்பதில்லை. சித்தியோ அத்தையோ பாட்டியோ, இரவில் விழித்து அழுதால் யாரிடம் போவது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. "தகப்பனை முழுங்கின பிள்ளை" என்று வாய் கூசாமல் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பேயும் பலியும் வேண்டாமென்று அய்யா விலக்கிய வழியில் நின்றுகொண்டு, நெற்றியில் நாமமும் இட்டுக்கொண்டு, இந்தப் பேச்சா? மூத்த மகனிடம், "இனி நீதாம்ல வீட்டுக்கு ஆம்பிள, அழக்கூடாது" என்பதும் நல்லதல்ல. பத்து வயதுத் தோள் அது.

காலையில் அழுத பிள்ளை மாலையில் பந்து விளையாடும். மனசில்லாத பிள்ளை என்று நினைக்காதீர்கள்; துக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அதனால் தூக்க முடியும். பள்ளிக்குப் போகும் நேரம் வயிறு வலிக்கிறது என்னும், விட்ட வயதில் மறுபடி பாயை நனைக்கும். அடிக்க வேண்டாம். மாதங்கள் போயும் மாறாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தாங்கலுக்குக் கூட்டி வாருங்கள். பள்ளியறைக் கண்ணாடி முன் நிற்கும்போது அதன் முகத்தில் போனவளின் ஜாடையும் தெரியும். "உனக்கு அம்மா கண்ணு" என்று யாராவது சொல்லட்டும். அவள் பெயரைச் சொல்லாமல் மறைத்தால் பிள்ளைக்கு அவள் இரண்டாம் முறை சாகிறாள்.

வருசம் திரும்பி, அவள் பேரில் அன்னதர்மம் நடத்தும் நாளில், அகப்பையை அந்தப் பிள்ளை கையில் கொடுங்கள். அம்மா இப்படித்தான் குழம்பை நடுவில் குழித்து ஊற்றுவாள் என்று அது சொன்னால், அன்றைக்கு எல்லா இலைக்கும் அப்படியே ஊற்றட்டும்.