கொலையுண்டோர்க்கும் நற்சான்றுப் பத்திரமா?

ஆண்டிறுதியில் பாடசாலையை விட்டு நீங்கும் மாணவர்க்கு நற்சான்றுப் பத்திரம் எழுதுவது என் போன்ற ஆசிரியர்களின் வேலைகளுள் ஒன்று. 'நன்னடத்தை உடையவர், ஒழுக்கத்திற் சிறந்தவர்' என்று நாம் எழுத, அதிபர் ஒப்பமிடுவார். வேலை கேட்டுச் செல்லும் இளைஞனுக்கு அத்தாள் வேண்டியிருக்கின்றது. நீதி கேட்டுச் செல்பவருக்கும் அது வேண்டுமா? கேட்பதற்கு வாயுமின்றிக் கொலையுண்டு கிடப்பவருக்கும் வேண்டுமா?

இது பொழுதுபோக்குக்காக எழுப்பப்படும் தர்க்கக் கேள்வியன்று. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பதை உலகுக்குப் போதித்ததாகப் பெருமை கொள்ளும் இங்கிலாந்திலே, அரை நூற்றாண்டுக்கு முன், பதின்மூன்று பெண்கள் கொலையுண்ட ஒரு வழக்கில் இக்கேள்வி எழுந்தது. அதற்கு மிக மோசமான விடையும் அளிக்கப்பட்டது.

கம்பளி ஆலைகளால் வளர்ந்து, அவ்வாலைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட வறுமையிலே தேய்ந்த நகரங்கள் மேற்கு யோர்க்ஷயரின் லீட்சும் பிரட்ஃபோர்டும். 1975 ஒக்டோபர் 30ஆம் திகதி லீட்சில் வில்மா மக்கான் என்பவர் கொல்லப்பட்டார். வயது இருபத்தெட்டு, நான்கு பிள்ளைகளின் தாய். விடிந்தும் விடியாத வேளையில் அவருடைய பிள்ளைகள் இருவர், தாய் பஸ்ஸில் வந்து இறங்குவார் என்று தரிப்பிடத்திலே போய்க் காத்திருந்தனர். இந்த ஒரு செய்தியே போதும், ஒரு நாட்டை உலுக்கியிருக்க வேண்டும். உலுக்கவில்லை. தெருவிலே உடலை விற்றுப் பிழைப்பவர் என்ற ஒரு சொல்லுக்குள் அவர் அடக்கப்பட்டார். அடுத்தடுத்துக் கொலையுண்ட பெண்களுக்கும் அதே சொல்லே வழங்கப்பட்டது.

1977 யூனில் ஜேன் மக்டொனால்ட் என்னும் பதினாறு வயதுப் பெண், ஒரு கடைச் சிப்பந்தி, கொல்லப்பட்டார். அப்போதுதான் நாடு விழித்தது. 'குற்றமற்ற' பெண் ஒருத்தி பலியானாள் என்று பத்திரிகைகள் எழுதின. குற்றமற்றவள் என்று ஒருத்தியைச் சுட்டும்போது, அவளுக்கு முன் இறந்தோர் குற்றவாளிகள் என்பது சொல்லாமலே சொல்லப்படுகின்றதன்றோ? 1979இல் புலனாய்வின் மேல்நிலை அதிகாரி ஒருவர் இதனை வெளிப்படையாகவே பேசினார். பொதுமகளிரைக் கொலைஞன் வெறுக்கிறான், பலரும் வெறுக்கவே செய்கின்றனர், ஆயின் இப்போது அவன் குற்றமற்ற பெண்களைக் கொல்கிறான் என்பது அவர் கூற்றின் சாரம். 1981இல் பீற்றர் சட்கிளிஃப் என்னும் லொறிச் சாரதி லண்டன் ஓல்ட் பெயிலி நீதிமன்றிலே நிறுத்தப்பட்டபோது, வழக்கைத் தொடக்கி வைத்த சட்டமா அதிபர் சேர் மைக்கேல் ஹேவர்ஸ், இறந்தோரிற் சிலர் பொதுமகளிர் என்றும், சிலர் அவ்வாறல்லர் என்பதே இவ்வழக்கில் மிகத் துயரமானது போலும் என்றும் பொருள்படப் பேசினார். பேசியவர் முடிக்குரிய முதற் சட்டத்தரணி. இறந்தோரின் சார்பிலே வாதாட நின்றவர்! நீதிமன்றத்துக்கு வெளியே பெண்கள் கண்டன அட்டைகளை ஏந்தி நின்றனர்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். கொலைஞன் எத்தகையோரைத் தேடுகிறான் என்று வகுத்துப் பார்ப்பது புலனாய்வின் முறையல்லவா, அதிலே ஒழுக்கத் தீர்ப்பு எங்கே வந்தது என்று கேட்கலாம். வகுத்துப் பார்ப்பதில் தவறில்லை. இரவிலே தனித்து நிற்போர் என்று வகுக்கலாம். இன்ன வீதியிலே நிற்போர் என்று வகுக்கலாம். குற்றமற்றோர், குற்றமுடையோர் என்பது அத்தகைய வகுப்பன்று. அது தராசு, தராசின் முள் எப்பக்கம் சாய வேண்டும் என்பதும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட தராசு.

அந்தத் தராசு இறந்தோரை அவமதித்ததோடு நின்றிருந்தால் இது மானம் பற்றிய விவாதமாக மாத்திரமே இருந்திருக்கும். உண்மையில் நிகழ்ந்தது அதனினும் கொடியது. அவன் பொதுமகளிரை மாத்திரமே தாக்குவான் என்று கொண்ட பொலிசார், அவனால் தாக்கப்பட்டு உயிர் தப்பிய வேறு பெண்கள் சிலரை அவ்வழக்கிலே சேர்க்காமல் ஒதுக்கி வைத்தனர். அவன் முகத்தை நேரிலே கண்டவர்கள் அவர்கள். அவர்கள் சொன்ன அடையாளங்களைக் கொண்டு வரையப்பட்ட உருவங்கள் அவனை வெகுவாக ஒத்திருந்தமை பின்னரே தெரியவந்தது. ஆக, ஒழுக்கத்தைப் பற்றிய ஒரு முற்கோள் கண்ணையும் மறைத்தது. இகழ்ச்சி அறியாமையாக மாறிற்று. அவ்வறியாமை மேலும் உயிர்களைக் குடித்தது.

புலனாய்வின் கதையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். நம்மிற் பலர் பிரித்தானியப் பொலிசைத் துப்பறியும் நாவல்களின் வழியே அறிந்தவர்கள். மின்கணினி இல்லாத அந்நாளிலே, லீட்சின் மில்கார்த் நிலையத்தில் செய்திகள் யாவும் அட்டைகளில் எழுதி அடுக்கப்பட்டன. அவற்றின் பாரந் தாங்காதென்று அறையின் தளத்துக்கே முண்டு கொடுக்க நேர்ந்ததாம். ஒரு மனிதனைப் பற்றிய அட்டைகள் வெவ்வேறு இடங்களிற் கிடந்தன. ஒன்றை மற்றொன்று அறியாது. 1977இல் மஞ்செஸ்டரிற் கொலையுண்ட பெண்ணின் கைப்பையில் கிடைத்த புத்தம் புதிய ஐந்து பவுண் தாள், பிரட்ஃபோர்ட் பகுதித் தொழிலாளரின் சம்பளப் பொதிகளில் ஒன்றிலிருந்து வந்தது என்பது வரை கண்டனர், சட்கிளிஃப்பின் வீட்டுக்கும் சென்றனர், திரும்பி வந்தனர். ஐயுற்று அறிக்கை எழுதிய ஓர் இளம் உத்தியோகத்தரின் தாள் கோப்பிலே உறங்கிற்று. ஒன்பது தடவை அவனை விசாரித்தனர், ஒன்பது தடவையும் விட்டனர். 1979இல், கொலைஞன் நானே என்று எவனோ ஒலிப்பதிவு நாடா ஒன்றை அனுப்ப, சண்டர்லாந்துப் பேச்சு வழக்கு இல்லாதவர் எல்லாம் விலக்கப்பட்டனர். அது ஏமாற்று, அனுப்பியவன் 2006இலேதான் தண்டிக்கப்பட்டான். நாடா வந்த பின் மேலும் மூவர் கொல்லப்பட்டனர். ஈற்றில் 1981 சனவரி 2ஆம் திகதி, மோட்டார் வண்டியின் இலக்கத்தகடு பொய்யானது என்று கண்ட ஷெஃபீல்ட் காவலர் இருவர் கையில் அவன் அகப்பட்டான். மாபெரும் புலனாய்வு சாதியாததைச் சாதாரண ரோந்து சாதித்தது.

தன் பிழையை உணர்ந்த கணமே உயிர் நீத்த பாண்டியனைப் பாடிய மரபு நமது. இங்கிலாந்திலே பிழைகளை ஆராய்ந்த பைஃபோர்ட் அறிக்கை 1981இல் எழுதப்பட்டு, 2006 வரை பொதுமக்கள் கண்ணில் முழுமையாய்ப் படாமல் வைக்கப்பட்டது.

பாண்டியனைச் சொன்னதால் மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் படித்தவன் என்ற உரிமையில். கோவலன் கட்டிய மனைவியை விட்டுக் கணிகையோடு வாழ்ந்தவன், குடிப்பொருளைத் தொலைத்தவன். எனினும் அவன் கொலைக்கு நீதி கேட்கையில், இவன் மாதவி வீட்டிற்குப் போனவன் தானே என்று மதுரையில் எவரும் கேட்கவில்லை. கேட்காதது சரியே. அவன் கள்வனா அல்லனா என்பதே கேள்வி. ஆயின் அம்மன்றிலே கொலையுண்டு கிடந்தவள் மாதவியாக இருந்திருந்தால்? வாயிற்காவலன் உள்ளே போய்ச் செய்தி சொல்லியிருப்பானா? நானறிய நம் புலவர் எவரும் அக்காட்சியைப் பாடவில்லை. லீட்சிலும் இதே கதைதான்: அவ்வீதிகளுக்குச் சென்று வந்த ஆண்கள் எவரையும் 'குற்றமுடையோர்' என்று பொலிசார் அழைக்கவில்லை. கணவனைப் பறிகொடுத்து, அல்லது கணவனால் கைவிடப்பட்டு, பிள்ளைக்குப் பால் வாங்க வீதிக்கு வந்தவர் குற்றமுடையவர். காசை நீட்டியவன் நல்ல குடும்பத்தலைவன். மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியை அடித்த பசுவிடம் நற்சான்றுப் பத்திரம் கேட்கப்பட்டதாகக் கதையில் இல்லை. மாட்டுக்குக் கிடைத்த சலுகை அது.

முற்போக்காளராகிய நம்மீதும் ஒரு வார்த்தை. இவ்வழக்கைப் பற்றி ஆசிரியர் அறையிலே பேசியபோது என் தோழர் ஒருவர், முதலாளித்துவம் உள்ளவரை பரத்தைமை இருக்கும், தனிப்பட்ட கொலைகளில் மனத்தைச் செலுத்துவது பூர்ஷ்வாப் பத்திரிகைகளின் பரபரப்புக்கு இரையாவதே என்றார். முதற் பாதியில் எனக்கு முரண்பாடில்லை. ஆனால் 'சமுதாயத்தின் பலிகள்' என்று மொத்தமாகக் கட்டி வைக்கும்போது, நாமும் அவர்களுடைய பெயர்களை ஒரு சொல்லுக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறோம் அல்லவா? சொல் மாத்திரமே வேறு, பூட்டு ஒன்றே. பஸ் தரிப்பிடத்தில் நின்ற பிள்ளைகள் வர்க்கத்துக்காகக் காத்திருக்கவில்லை, தாய்க்காகக் காத்திருந்தனர்.

பரபரப்பைப் பற்றித் தோழர் சொன்னதில் நியாயம் உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. கொலை அங்கே பெரும் சரக்கு. சட்கிளிஃப்பைச் சூழ்ந்தவர்களுக்குக் கதைக்காகப் பணம் நீட்டிய பத்திரிகைகளை அந்நாட்டுப் பத்திரிகைச் சபை 1983இல் கண்டித்தது. கொலைஞனுக்கு இட்ட பட்டப்பெயரோ 1888இல் லண்டன் வைற்சப்பலில் ஐந்து பெண்களைக் கொன்றவனிடமிருந்து கடன் வாங்கியது. அந்த ஐவரின் வாழ்க்கையை ஹலி ரூபன்ஹோல்ட் என்னும் வரலாற்றாசிரியை 2019இல் நூலாக எழுதினார். ஐவருள் மூவர் பரத்தையர் என்பதற்குச் சான்றே இல்லை என்றும், வறுமையும் வீடின்மையுமே அவர்களை இரவுத் தெருவிற் கிடத்தின என்றும் அவர் வாதிக்கிறார். நூற்றுமுப்பது ஆண்டுகளாகக் கொலைஞன் யார் என்று துருவியவர் எத்தனையோ பேர்; கொலையுண்டவர் யார் என்று கேட்க இத்தனை காலம் சென்றது. 2020இல் தொலைக்காட்சித் தொடர் ஒன்று மீண்டும் அப்பட்டப்பெயரையே தலைப்பாய்ச் சூடியபோது, யோர்க்ஷயரில் இறந்தோரின் உறவினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வாண்டு நவம்பரிலே சட்கிளிஃப் சிறைக் கைதியாகவே இறந்தான். அன்றைய அதிகாரிகள் இறந்த பெண்களைப் பற்றிப் பேசிய மொழிக்காக மேற்கு யோர்க்ஷயர்ப் பொலிஸ் தலைவர் அப்போதுதான் மன்னிப்புக் கோரினார்.

மன்னிப்பு வேறு, நீதி வேறு. கடைசியாகக் கொலையுண்டவர் ஜக்குலின் ஹில் என்னும் இருபது வயது லீட்ஸ் பல்கலைக்கழக மாணவி. பொலிசார் தம் கடமையைச் சரிவரச் செய்திருந்தால் என் மகள் இறந்திருக்கமாட்டாள் என்று அவருடைய தாயார் வழக்குத் தொடுத்தார். கொலைஞன் சிறையிலே அடைபட்ட பின்னும் அத்தாய்க்கு நீதி முடிந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பழிவாங்கல் அவர் கேட்டதன்று. காத்திருக்க வேண்டியவர் ஏன் காக்கவில்லை என்னும் கேள்விக்கு விடை கேட்டார். 1988இல் பிரபுக்கள் சபை அவ்வழக்கைத் தள்ளிற்று. இனங்காணப்படாத குற்றவாளி ஒருவனால் எதிர்காலத்தில் எவர் பலியாகக்கூடும் என்று தெரியாத நிலையில், அவ்வாறு பலியாவோர் ஒவ்வொருவர்க்கும் பொலிசார் கவனத்துடன் நடக்கும் சட்டக் கடப்பாடு உடையவரல்லர் என்பது தீர்ப்பு. அவ்வாறு கடப்பாடு சுமத்தினால் பொலிசார் தற்காப்பிலேயே காலங்கழிப்பர் என்றும் சபை கருதிற்று. ஆசிரியனும் மருத்துவனும் சாரதியும் கவனக்குறைவுக்குப் பொறுப்பாளியாகலாம். அவர்கள் தற்காப்பிலே காலங்கழிக்கும் கவலை எவருக்கும் இல்லை!

அவ்வாயில் மூடப்பட்டு முப்பது ஆண்டுகளின் பின் வேறொரு வாயில் திறந்தது. லண்டனில் ஜோன் வொர்பொய்ஸ் என்னும் வாடகை வண்டிச் சாரதி, பெண் பயணிகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பல ஆண்டுகளாய் வன்கொடுமை புரிந்து வந்தான். முறையிட்ட பெண்கள் குடித்திருந்தனர், நினைவு தெளிவில்லாதவர் என்ற காரணங்களால் அவர்கள் சொல் நம்பப்படவில்லை. உரிமம் பெற்ற சாரதியின் சொல்லே எடுபட்டது. அதே தராசு. 2009இல் அவன் தண்டிக்கப்பட்டான். அவர்களுள் இருவர் பொலிசார்மீது வழக்குத் தொடுத்தனர். 1988ஆம் ஆண்டுத் தீர்ப்பு தடையாய் நின்ற பழைய வழியே அவர்கள் செல்லவில்லை. மனித உரிமைச் சட்டத்தின் வழியே சென்றனர். பாரதூரமான குற்றத்தை முறையாக விசாரிக்கத் தவறுவது, இழிவான நடத்துகைக்கு ஆளாகாதிருக்கும் உரிமையை மீறுவதாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. இழப்பீடு உறுதியாயிற்று.

அவ்விரு பெண்களின் பெயர்கள் தீர்ப்பில் இல்லை. அவ்விடங்களில் எழுத்துகள் சில மாத்திரமே நிற்கின்றன. ஆனால் இம்முறை அப்பெயர்களை மறைத்தது அவர்களைக் காப்பதற்காக.