பல்பின் குணம் எது?
ஐடிஐயில் வயர்மேன் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். மேசையில் 60 வாட் குண்டு பல்பு. 230 வோல்ட்டில் 0.26 ஆம்பியர் இழுக்கிறது. பெருக்கினால் திறன், ஏறக்குறைய 60 வாட். வகுத்தால் மின்தடை, சுமார் 880 ஓம். அணைத்து, ஆறவிட்டு, மல்டிமீட்டரை வைத்தால் 60, 70 ஓம்தான் காட்டும். (பையன்கள் உடனே மீட்டர் மேல் பழி போடுவார்கள்.) டங்ஸ்டன் சூடேறினால் தடையும் ஏறும், அவ்வளவுதான்.

ஆனால் குணம் பொருளிலேயே உறைகிறது என்பார்களே வைசேஷிகத் தத்துவவாதிகள், இதில் எந்த எண் பல்பின் குணம்? அவர்களிடம் பதில் இல்லாமல் இல்லை: சூளையில் வெந்த பானை நிறம் மாறுவதை வெப்பத்தால் பிறக்கும் குணம் என்றே விளக்கினார்கள். எனக்கு அது போதவில்லை. வெந்த பானை ஆறினாலும் பச்சை மண்ணாகாது. பல்போ ஒவ்வொரு முறையும் பழைய ஓமுக்கே திரும்புகிறது. எந்த எண்ணும் சூட்டைச் சார்ந்தே நிற்பதால், தன்னியல்பு என்று எதற்கும் இல்லை என்ற பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனர் பக்கம்தான் சாய்கிறேன்.