கசிவு எங்கே?

பிரிட்டனின் பழைய சுற்றுலாக் கேரவன்களில் பெரும்பாலும் வெளியே அலுமினியத் தகடு, உள்ளே ஒட்டுப்பலகை, நடுவே மரச்சட்டம். மழைநீர் தகட்டைத் துளைத்து வருவதில்லை. மூலைப்பட்டைகளுக்கு அடியில் வருடக்கணக்கில் காய்ந்து வெடித்த பசையின் வழியே சொட்டுச்சொட்டாக இறங்குகிறது.

வெளிப் பளபளப்பு குறையாது. உள்ளே சட்டம் மட்கும்.

ஈரமானி 30 விழுக்காட்டைத் தாண்டிய இடத்தில் பலகையைப் பெயர்த்தால், மரம் விரல் பட்டாலே உதிரக்கூடும். அந்த அதிர்ச்சியில் உடனே புதுமரம் பொருத்தத்தான் கை பரபரக்கும். கசிவை அடைக்காத வண்டியில் அதுவும் அழுகும். பட்டையைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, பியூட்டைல் பசை வைத்து, மரத்தை வாரக்கணக்கில் உலரவிடும் பொறுமையே சீரமைப்பில் பாதி வேலை.

மெத்தையும் திரைச்சீலையும் காத்திருக்கட்டும். முதலில் கசிவைத் தேடுங்கள்.