பேக்கிங் வெட்டும் பொழுது

கேரளத்து ஊரான நல்லேப்பிள்ளியின் நெல்லும் தென்னையும் ஆளியாற்றுத் தண்ணீரை நம்பியிருப்பவை. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வந்து சேர வேண்டும். கால்வாய் தாமதித்து, கரண்டும் நின்றுபோனால், கிணற்றடி டீசல் எஞ்சின்தான் பயிருக்குத் துணை. அதன் சைடு கவர் ஓரத்தில் எண்ணெய் கசிந்தால் பேக்கிங் போயிற்று. கடை பொள்ளாச்சியில், பேக்கிங் ஷீட் வீட்டிலேயே இருக்கிறது.

*

எவ்வளவு வழவழப்பாகக் கடைந்தாலும் இரண்டு இரும்பு முகங்கள் முழுதாக ஒட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களின் ஊடே எண்ணெய் வழி கண்டுபிடித்துவிடும். இடையில் வைத்த பேக்கிங் தாள் அந்தப் பள்ளங்களுக்குள் நசுங்கி உட்காருகிறது. போல்ட் அழுத்திப் பிடிக்கிறது; கசிவை நிறுத்துவதோ தாளின் நெகிழ்வு.

*

பழைய பேக்கிங்கைச் சுரண்டுவது அவசரத்துக்கு உரிய வேலையல்ல. பழைய எஞ்சினின் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அதன் எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் சந்தேகமிருந்தால் கம்பி பிரஷ்ஷும் கிரைண்டரும் வேண்டாம். நன்றாக நனைத்து, மெல்லச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டிவிட வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

*

அளவெடுக்க ஸ்கேல் தேவையில்லை, எஞ்சினே அளவு. இரும்பு முகத்தின் மேல் ஷீட்டை வைத்து, ஒரு போல்ட் ஓட்டையை முதலில் எடுத்து, ஷீட் நகராதபடி அதில் போல்ட்டைப் போடுகிறேன். பிறகு விளிம்பு நெடுக உருண்டைத் தலைச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் வடிவம் தானே பதியும். அலுமினிய முகம் என்றால் தட்டக் கூடாது, விளிம்பு கெட்டுவிடும். கவரில் கிரீஸ் தடவி ஷீட்டில் அச்செடுத்து, கத்தரியால் வெட்டிக்கொள்ளலாம்.

*

கனமும் அளவுதான். சிலிண்டருக்கு அடியில் வைக்கும் பேக்கிங் தடித்தால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி கூடும், கம்ப்ரஷன் குறையும், எஞ்சின் கிளம்பச் சிரமப்படும். பழையதன் கனத்தைப் பார்க்காமல் அங்கே புதியது வைக்கக் கூடாது.

*

இறுகிப்போன செம்பு வாஷரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும். எஃகு இப்படிக் குளிர்ந்தால் கடினமாகும், செம்பு மென்மையாகும். கையில் எடுத்து வளைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி.

*

ஹெட் கேஸ்கெட்டை மட்டும் நான் வெட்டுவதில்லை. டீசல் எஞ்சினில் காற்று 16, 17 மடங்கு நெருக்கப்படும் இடம் அது. அங்கே தாள் நிற்காது. சைடு கவர், டேப்பெட் கவர், தண்ணீர்ப் பாதை ஆகியவை வீட்டு வேலை. ஹெட்டுக்குப் பொள்ளாச்சி போய் வாங்கித்தான் வர வேண்டும். இந்த எல்லை தெரிவதும் கைத்திறன்தான்.

*

போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரே பக்கம் முதலில் இறுகினால் மறுபக்கம் கவர் தூக்கிக்கொள்ளும். எஞ்சின் சூடேறும்வரை ஓடி, முழுதும் ஆறிய பின், எல்லாவற்றையும் ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பார்க்கிறேன். ஷீட் அமுங்கியிருப்பதால் முதலில் வைத்த இறுக்கம் சற்றே விட்டிருக்கும். முடிந்ததென்று எழுந்துவந்த வேலையை இன்னொரு முறை போய்ப் பார்ப்பதும் அந்த வேலையைச் சேர்ந்ததே.