தெவிட்டல் உவர்ப்பாகாது



கம்பம் பள்ளத்தாக்கினர் தம் நன்செய்யை இருபோக நிலம் என்ப. மேற்கே ஓடிய பெரியாற்று நீர் 1895-ஆம் ஆண்டில் மலையைக் குடைந்த வழியாற் கிழக்கே திருப்பப்பட்டது. அந்நீர்கொண்டு ஆண்டு 14,707 ஏக்கரில் இருபோகப் பாசனம் நடைபெறுகின்றது. விளைவிற்கும் நுகர்ச்சிக்கும் போகமென்னும் ஒரு பெயரே வழங்குதல் எமக்கு உவகை தருவது.

அந்நாட்டிற் பன்னீர்த் திராட்சையும் மிகுதி; 2023-இற் புவிசார் குறியீடும் பெற்றது. வெயிலில் நடந்து வந்தானொருவனுக்கு முதற்கொத்து அமிழ்தம், இரண்டாவது இனிது, மூன்றாவது பல்லைக் கூசுவிக்கும், நான்காவதனை விலையின்றிக் கொடுப்பினும் கைநீட்டான். இதனைச் செருமானியராகிய கோசன் 1854-இலும் ஆங்கிலராகிய ஜெவன்ஸ் 1871-இலும் நூல்செய்து விளக்கினர். குறைந்து செல்லும் இறுதிநிலைப் பயன்பாடு என்பர் இக்காலப் பொருளியலார். இறுதிக் கொத்தின் பயன் அதன் விலைக்கு ஈடாகுமளவும் வாங்கி, குறையும்வழி நிறுத்துவன். நெல், துணி, பழம் எனக் கைப்பொருளைப் பகிருங்காலும், ஒவ்வொன்றினும் இறுதிக் காசின் பயன் ஒத்து நிற்குமாறே பகிர்வன் என்ப.

‘அவ்வொப்பே இருவினையொப்பு, தெவிட்டலே உவர்ப்பு, நிரம்பத் துய்க்கவே பற்றறும்’ என்பாருமுளர். அற்றன்று. தெவிட்டல் ஒரு பொருளின்கண் ஒருபொழுதில் நிகழ்வது. நான்காங் கொத்தை மறுத்த கை அப்பொழுதே மோர்க்குவளையை நாடும். மறுநாள் முதற்கொத்து மீண்டும் அமிழ்தமாம். குறைந்தது பழத்தின் பயன், வேட்கையன்று. காசுகளின் ஒப்போ மிகுபயன் தேடி வேட்கையே வகுத்த கணக்கு. கணக்கன் யாவனெனின், ஆணவத்தாற் கட்டுண்டு யான் எனதென நிற்கும் உயிரேயாம். இருவினையொப்பாவது நல்வினை தீவினைகள் நிறையால் ஒத்தலுமன்று. அவற்றின் பயனாகிய இன்பதுன்பங்களில் விருப்பு வெறுப்பின்றி உயிரின் அறிவு ஒருதன்மைத்தாய் நிற்றல். ஆண்டு ஒப்பன பொருள்கள். ஈண்டு ஒப்பது நோக்கு.

மடத்துப் பந்தியில் இரண்டாமுறை சோறு வேண்டாவென்பாரும் இதனை ஓர்க. எம்போல் அறுபது கடந்தார்க்கு வயிறு சுருங்குதல் மூப்பின் தொழில். முதற்கவளத்தை எங்ஙனம் நோக்குகின்றனம் என்பதே வினா.

அற்றேல் நுகர்ச்சி வீணோவெனின், அன்று. தனு கரண புவன போகங்களை இறைவன் கூட்டியது மலபரிபாகத்தின் பொருட்டே. முதல் மடைநீர் நாற்றைப் பிழைப்பிக்கின்றது. அறுவடைக்கு முன்னர் உழவர் அந்நீரை வடித்துவிடுகின்றனர், வெறுத்தன்று, கதிர் முற்றியமையின்.