உடைய வேண்டியது

ஒரு பொருள் உடைந்துவிட்டால் அது தன் கடமையில் தவறிவிட்டது என்றே நாம் எண்ணுகிறோம். உடைவதையே கடமையாகக் கொண்ட பொருளும் உலகில் உண்டு.

வடசென்னை இயந்திரங்களின் ஊர். எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை எழுந்தது. 1960-இல் தோன்றிய டாஃபே நிறுவனம் செம்பியத்தில் டிராக்டர் ஆலை அமைத்தது. பெரிய ஆலைகள் புதியதைச் செய்தன. அவற்றின் நிழலில் முளைத்த லேத்துப் பட்டறைகள் உடைந்ததைப் பார்த்துக்கொண்டன. துறைமுகத்து லாரிகளின் ஷாப்ட்டுகளோடு, பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்து வயல்களில் உழைத்துக் களைத்த டிராக்டர்களின் உறுப்புகளும் அங்கே வந்து சேரும்.

டிராக்டரின் பின்புறத்திலிருந்து ஒரு ஷாப்ட், மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டருக்குச் சக்தியைக் கொண்டு செல்கிறது. நிமிஷத்துக்கு 540 சுற்று. அதாவது கண் இமைக்கும் ஒரு விநாடிக்குள் ஒன்பது சுற்று. ரோட்டவேட்டரின் கத்தி மண்ணுக்குள் ஒரு கல்லிலோ மரவேரிலோ மாட்டிக்கொண்டால், கத்தி நிற்கும், எஞ்சின் நிற்காது. அப்போது இடையில் ஏதோ ஒன்று உடைந்தே தீரவேண்டும். எது உடைவது என்பதை இயந்திரத்தை வகுத்தவன் முன்பே தீர்மானித்து, அங்கே வேண்டுமென்றே வலுக்குறைந்த ஒரு சிறு போல்ட்டை வைத்திருக்கிறான். அது உடைந்து, விலை உயர்ந்த பல்சக்கரங்களைக் காப்பாற்றுகிறது.

திருவொற்றியூர்ப் பட்டறை ஒன்றில் நான் கேட்ட பேச்சு இது.

“மேஸ்திரி, நாலு நாள்ல மூணு போல்ட் போச்சு. உடையாத போல்ட்டாப் பார்த்துப் போட்டுக் குடுங்க.”

“போடலாம் ஐயா. அப்புறம் கியர் உடையும். ஷாப்ட் முறியும். பக்கத்துல ஆள் நின்னா?”

“வண்டி என்னுது, காசும் என்னுது. அது என் பாடு.”

விவசாயியைப் பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். வேலை ஒரு நாள் நின்றால் கடன் ஒரு நாள் வளரும். ஆனாலும் “என் பாடு” என்பதில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. ஷாப்ட் முறிந்து சுழன்றால் அதன் எதிரே நிற்பவர் அவர் அல்லர். தினக்கூலிக்கு வண்டி ஓட்டும் இளைஞன், அல்லது வரப்பில் நடந்து போகும் ஒரு பெண். ஒருவர் தம் பணத்தைப் பணயம் வைக்கலாம். பிறர் உடம்பைப் பணயம் வைக்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1983-ஆம் ஆண்டின் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், கதிரடிக்கும் இயந்திரங்களைச் செய்பவர், விற்பவர், பயன்படுத்துபவர் எல்லோருக்கும் கடமைகளை வகுத்திருக்கிறது. ஆனால் இருட்டும் நேரத்தில் பட்டறையில் முடுக்கப்படும் ஒரு போல்ட்டை எந்தச் சட்டம் வந்து பார்க்கும்? அங்கே இருக்கும் ஒரே காவல், விளைவை அறிந்த மனிதனின் மனம்தான்.

“நான் மறுத்தால் அடுத்த தெருவில் போட்டுத் தருவார்களே” என்று கேட்கலாம். தருவார்கள். அதனால் அது நல்ல காரியம் ஆகிவிடாது. ஆனால் வெறுமனே கையை விரித்துவிட்டு உத்தமனாக உட்கார்ந்திருப்பதும் போதாது என்பது என் துணிபு. தேவை உள்ளவன் அடுத்த தெருவுக்குத்தான் போவான்.

அந்த மேஸ்திரி வேறொரு வழி பார்த்தார். ஷாப்ட்டையே கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். அதன் இரு முனைகளிலும் கவை போன்ற பிடிகள் உண்டு. குறுக்கு இணைப்புகளைத் தாங்குபவை அவை. இரண்டு கவைகளும் ஒரே நேராக நிற்கவேண்டும். ஒரு முனை ஏற்படுத்தும் வேக ஏற்றத்தாழ்வை மறுமுனை அப்போதுதான் சரிக்கட்டும். முன்பு யாரோ கழற்றி மாட்டியபோது கவைகள் மாறி உட்கார்ந்துவிட்டன. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் போல்ட்டின் மேல் அடி விழுந்துகொண்டிருந்தது. பழுது போல்ட்டில் இல்லை. பழுதைச் சொல்லிக்கொண்டிருந்ததே போல்ட்தான்! மேஸ்திரி கவைகளை நேராக்கி, கிரீஸ் அடித்து, பழைய மாதிரியே மெல்லிய போல்ட்டைப் போட்டுக் கொடுத்தார்.

இது பட்டறை விஷயம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றி வைத்த வீடுகள் எத்தனை! அலுவலகத்தில் “இந்தக் கணக்கில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்” என்று தடங்கல் செய்யும் குமாஸ்தாவை மாற்றிவிட்டு, எதற்கும் தலையாட்டும் ஒருவரை உட்கார வைப்பதும் அதே காரியம்தான். தடங்கல் தீர்ந்ததென்று அன்று நிம்மதியாக இருக்கும். அடுத்த முறை கல் மாட்டும்போது உடைவது எது, யார் என்பதை மட்டும் நாம் கேட்டுக்கொள்வதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.